நல்ல கண்ணை மூடினால் அதுவும் கெட்டுப்போகுமா?

கேள்வி: என் மகளுக்கு ஐந்தரை வயது, யு.கே.ஜி. படிக்கிறாள். பள்ளியில் நடந்த கண் பரிசோதனையில் இடது கண்ணில் பார்வை குறைவு என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்து, வலது கண்ணுக்கு பிளஸ் 1, இடது கண்ணுக்கு பிளஸ் 5 பவர் கண்ணாடி கொடுத்தார்கள். ‘சோம்பேறிக் கண்’ என்றார்கள். கண்ணாடி போட்ட மூன்று மாதத்தில் இடது கண் 6/60-லிருந்து 6/36 ஆனது. இப்போது வலது கண்ணில் தினமும் ஆறு மணி நேரம் பேட்ச் ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஒட்டினால் அழுது பிய்த்து எறிகிறாள். ஒரு மணி நேரம் தாண்டுவதே பெரும்பாடு. நன்றாகத் தெரியும் கண்ணை மூடினால் அதுவும் கெட்டுவிடும் என்கிறார் என் மாமியார். மாறுகண் எதுவும் இல்லை, பார்ப்பதற்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது. ஆபரேஷன், சொட்டு மருந்து, கண் பயிற்சி என்று வேறு வழியில் சரிசெய்ய முடியாதா? கோடை விடுமுறை வரை தள்ளிப்போடலாமா? அவளுக்கு இரண்டு வயதில் தம்பி இருக்கிறான். அவனுக்கும் வருமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில் (குழந்தைகள் கண் மருத்துவர்):

உங்கள் மாமியார் கேட்பது நியாயமான கேள்வி. நன்றாகத் தெரிகிற கண்ணை வேண்டுமென்றே மூட யாருக்கும் மனசு வராது. அதனால் முதலில் அதற்கே பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளில் சில மணி நேரம் மட்டும் மூடி, மீதி நேரம் திறந்திருக்கும் கண்ணில் பார்வை குறைவது மிக அரிது. அப்படிக் கொஞ்சம் குறைந்தாலும், பேட்சை நிறுத்தினால் அநேகமாகத் திரும்பிவிடும். முன்பெல்லாம் காலையில் எழுந்ததிலிருந்து தூங்கப் போகும் வரை ஒட்டி வைக்கும் வழக்கம் இருந்தது. அந்த முறையில்தான் இந்தப் பயத்துக்குக் கொஞ்சம் இடம் உண்டு. ஒவ்வொரு முறை போகும்போதும் இரண்டு கண்ணையும் தனித்தனியாகச் சோதிப்பது இதைக் கண்காணிக்கவும்தான். ஆக, சொன்ன தேதியில் தவறாமல் கூட்டிக்கொண்டு போகிற வரைக்கும், வலது கண்ணைப் பற்றி வீட்டில் யாரும் கலங்க வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது இடது கண்ணைப் பற்றி. அந்தக் கண்ணில் நோய் என்று எதுவும் இல்லை. சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்து, விழித்திரையும் நரம்பும் நன்றாக இருக்கின்றனவா, கண்ணுக்குள் புரையோ கட்டியோ இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சோம்பேறிக் கண் என்று முடிவுக்கு வருவோம். சிக்கல் பவரில் ஆரம்பித்தது. பிளஸ் பவர் உள்ள குழந்தை, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸைத் தானாகவே கொஞ்சம் தடிக்கச் செய்து ஃபோகஸ் பிடித்துக்கொள்ளும். ஆனால் இரண்டு கண்ணும் ஒரே அளவில்தான் ஃபோகஸ் பிடிக்கும். ஒரு கண்ணுக்கு 1, இன்னொரு கண்ணுக்கு 5 என்று பிரித்துச் செய்ய உடம்பில் வழி கிடையாது. வலது கண்ணுக்கு எவ்வளவு போதுமோ அதோடு மூளை நிறுத்திக்கொள்ளும். அதனால் உங்கள் மகளுக்குச் சிறு வயதிலிருந்தே வலது கண் வழியாகத் தெளிவான படமும், இடது கண் வழியாகக் கலங்கல் படமும் போய்க்கொண்டிருந்தன. தூரத்தில் பார்த்தாலும் சரி, கிட்டத்தில் பார்த்தாலும் சரி, இதே கதைதான். மூளை எதை எடுத்துக்கொள்ளும்? தெளிவானதை எடுத்துக்கொண்டு கலங்கலானதை ஒதுக்கிவிடும். வருடக்கணக்கில் ஒதுக்கினால், அந்தக் கண்ணிலிருந்து வரும் தகவலைப் படிக்க வேண்டிய மூளைப் பகுதி சரியாக வளராது. அதற்கு அப்புறம் கண்ணாடி போட்டுத் தெளிவான படத்தைக் கொடுத்தாலும் உடனே படிக்கத் தெரியாது.

இது வெறும் ஊகமல்ல. 1960-களில் டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீஸல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனைக்குட்டியின் ஒரு கண் இமையை மட்டும் தைத்து மூடி, சில மாதம் கழித்துத் திறந்து பார்த்தார்கள். கண் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூளையில் பார்வைக்கான பகுதியில் இருந்த செல்களில் பெரும்பாலானவை, திறந்திருந்த கண்ணுக்கு மட்டுமே பதில் கொடுத்தன. வளர்ந்த பூனைக்கு இதையே செய்தபோது அப்படி எதுவும் ஆகவில்லை. பார்வையைக் கற்றுக்கொள்ள மூளைக்கு ஒரு வயது இருக்கிறது என்பது அப்போதுதான் பிடிபட்டது. பார்வையை மூளை எப்படிக் கையாள்கிறது என்ற ஆராய்ச்சிக்காக 1981-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நல்ல கண்ணை மூடும் வைத்தியம் அதற்கெல்லாம் வெகு முந்தையது. பிரான்ஸைச் சேர்ந்த இயற்கை விஞ்ஞானி புஃபோன் 1743-லேயே இதை எழுதி வைத்திருக்கிறார். காரணம் தெரிவதற்கு இருநூறு வருடம் முன்பே பலன் தெரிந்திருந்தது.

மாறுகண் இல்லை, கண் பார்க்க நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வகையில் ஆபத்தே அதுதான். மாறுகண் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கண்ணிலாவது பட்டுவிடும். (மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லி அதையும் விட்டுவிடுகிற குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. இதைப் படிக்கும் யாராவது அப்படி இருந்தால், தயவுசெய்து இந்த வாரமே குழந்தையைக் காட்டிவிடுங்கள்.) பவர் வித்தியாசத்தால் வருகிற சோம்பேறிக் கண்ணுக்கு வெளியில் எந்த அடையாளமும் இல்லை. குழந்தையும் சொல்லாது. ஒரு கண்ணால் இப்படித்தான் தெரியும் என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது.

கிளினிக்கில் இதை அடிக்கடி பார்க்கிறேன். முதலில் நல்ல கண்ணால் பலகையில் கடைசி வரி வரை கடகடவென்று படித்துவிடும் குழந்தை. அந்தக் கண்ணை அம்மா உள்ளங்கையால் மூடியதும் சத்தம் நின்றுவிடும். அப்புறம் தலை மெல்ல ஒரு பக்கமாகச் சாயும். விரல் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்து அடுத்த எழுத்தைச் சொல்லும். “ஒழுங்காப் படி, விளையாடாதே” என்று அம்மா அதட்டுவார். குழந்தை விளையாடவில்லை. அதற்கு நிஜமாகவே தெரியவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் மகளுக்கு என்ன நடந்ததோ, அதுதான் நீங்கள் பேட்ச் ஒட்டும்போதெல்லாம் நடக்கிறது. 6/36 என்றால், மற்றவர்கள் 36 மீட்டரில் படிப்பதை அவள் 6 மீட்டருக்கு வந்துதான் படிக்க முடியும். அந்தக் கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு டம்ளரை எடு, படி இறங்கு, படம் வரை என்றால் அழாமல் என்ன செய்வாள்? அவள் பிய்த்து எறிவதை அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கண்ணுக்கு வைத்தியம் எவ்வளவு தேவை என்பதைத்தான் அந்த அழுகை சொல்கிறது. பார்வை ஏற ஏற அழுகை தானாகக் குறையும். முதல் இரண்டு மூன்று வாரம்தான் மலை மாதிரி தெரியும்.

இனி மணி நேரக் கணக்குக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் அதிகம் யோசித்த இடம் இதுதான்.

6/36 இருக்கும் குழந்தைக்கு ஆறு மணி நேரம் என்று எழுதிக் கொடுத்ததில் தவறில்லை. அமெரிக்காவில் குழந்தைகள் கண் மருத்துவர்கள் பலர் சேர்ந்து நடத்திய ஆய்வுகள் 2003-ல் வெளியாயின. பார்வை ரொம்பக் குறைந்த குழந்தைகளுக்கு நாள் முழுக்க ஒட்டுவதும் ஆறு மணி நேரம் ஒட்டுவதும் ஒரே அளவு பலன் தந்தன. நடுத்தரக் குறைவு இருந்த குழந்தைகளுக்கு ஆறு மணி நேரத்துக்கும் இரண்டு மணி நேரத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். அது ஏன் என்பதற்கு ஒரு பகுதி விளக்கம் இங்கிலாந்தில் நடந்த இன்னொரு ஆய்வில் கிடைக்கிறது. பேட்ச் உண்மையில் எவ்வளவு நேரம் கண்ணில் இருந்தது என்பதைத் தானாகப் பதிவு செய்யும் ஒரு சின்னக் கருவியைப் பொருத்தி அனுப்பினார்கள். ஆறு மணி நேரம் எழுதிக் கொடுத்த குழந்தைகள் சராசரியாக அதில் பாதிகூட ஒட்டவில்லை. அங்கேயும் அம்மாக்கள் உங்களைப் போலத்தான் போராடியிருக்கிறார்கள். நீங்கள் மட்டும் தோற்றுப்போனதாக நினைக்க வேண்டாம்.

ஆகவே சீட்டில் இருக்கும் எண்ணை விட, பேட்ச் கண்ணில் இருந்த நேரம்தான் பார்வையை ஏற்றுகிறது. நான் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: எவ்வளவு நேரம் ஒட்டினீர்களோ அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இதில்தான் பல குடும்பங்கள் தடுக்கி விழுகின்றன. டாக்டர் திட்டுவாரோ என்று பயந்து “ஒட்டுறோம் சார், ஆறு மணி நேரம்” என்று சொல்லிவிடுகிறார்கள். பார்வை ஏறவில்லை என்றால் டாக்டர் என்ன நினைப்பார்? ஆறு மணி நேரமும் போதவில்லை என்று எட்டு மணி நேரம் எழுதுவார். அல்லது இந்தக் கண் இதற்கு மேல் வராது என்று முடிவு கட்டுவார். இரண்டுமே குழந்தைக்கு நஷ்டம். “ஒரு மணி நேரம்தான் முடிகிறது, முதலில் இரண்டு மணி நேரம் ஒழுங்காகச் செய்கிறேன், அப்புறம் கூட்டலாமா?” என்று நேராகக் கேளுங்கள். அதற்கு ஆதாரம் இருக்கிறது. கண்ணாடி போட்டு முன்னேற்றம் நின்றுபோன குழந்தைகளுக்கு, பார்வை மிகக் குறைந்தவர்கள் உட்பட, இரண்டு மணி நேர பேட்ச் கூடுதல் பலன் தருவதை 2006-ல் வந்த ஆய்வு காட்டியது. இரண்டு மணி நேரத்தில் முன்னேற்றம் தேங்கிய குழந்தைகளுக்கு ஆறு மணி நேரமாக்கினால் மேலும் ஏறுவதை 2013-ல் வந்த ஆய்வு காட்டியது. கண் முன்னால் இருக்கும் குழந்தையைப் பார்த்து உங்கள் டாக்டர் ஆறு மணி நேரம்தான் வேண்டும் என்றால் அதையே இலக்காக வையுங்கள். ஆனால் அங்கே போய்ச் சேரும் வழி இரண்டு மணி நேரத்தில் தொடங்கலாம்.

தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கும் வேலையை மகளிடம் கொடுங்கள். அந்தத் தாளின் பின்பக்கத்தில் அன்றைக்கு ஒட்டிய நேரத்தை நீங்கள் எழுதி, ஒரு கிளிப்பில் மாட்டி வையுங்கள். அடுத்த முறை போகும்போது அந்தக் கட்டை அப்படியே எடுத்துப் போங்கள். நான் டாக்டராக உட்கார்ந்திருந்தால் அதைத்தான் முதலில் வாங்கிப் பார்ப்பேன்.

இன்னொன்று, பெரியவர்கள் நாம் நமக்குள் பேசி முடிவெடுத்துவிட்டு, குழந்தையின் முகத்தில் கொண்டுபோய் ஒட்டிவிடுகிறோம். எதற்கு என்று அவளிடம் யாராவது சொன்னார்களா? நெதர்லாந்தில் இதை வைத்தே ஆராய்ச்சி செய்தார்கள். பேட்ச் எதற்கு என்பதை எழுத்தே இல்லாத ஒரு படக்கதையாகக் குழந்தைக்குக் கொடுத்தார்கள். சிலருக்குப் பரிசு ஸ்டிக்கர் காலண்டர், சிலருக்குப் பெற்றோருக்கான விளக்கத் தாள் என்றும் கொடுத்து ஒப்பிட்டார்கள். படக்கதைதான் அதிகம் வேலை செய்தது. ஐந்தரை வயதுக் குழந்தைக்கு நன்றாகப் புரியும். இன்றைக்கு ராத்திரி நீங்களே ஒரு தாளில் நான்கு படம் வரைந்து காட்டுங்கள். ஒரு வீட்டில் அக்கா, தங்கை. எல்லா வேலையும் அக்காவே செய்துவிடுகிறாள். தங்கைக்கு எதுவும் செய்யத் தெரியவில்லை. அக்கா கொஞ்ச நேரம் ஊருக்குப் போனதும் தங்கை கற்றுக்கொள்கிறாள். அக்கா திரும்பி வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து செய்கிறார்கள். மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொல்லுங்கள். வீட்டில் ஒருவர் ஒட்ட, இன்னொருவர் “பாவம் பிள்ளை” என்று கழற்றிவிடுகிற வரை எந்தக் குழந்தையும் பழகாது. பாட்டியே தன் கையால் ஒட்டிவிடுகிற வீடுகளில் வேலை பாதி சுலபமாகிவிடுகிறது.

ஒட்டுவதில் சில விஷயம். பேட்ச் நேராகத் தோலில் ஒட்ட வேண்டும், அதன் மேல் கண்ணாடி போட வேண்டும். கண்ணாடி இல்லாமல் பேட்ச் ஒட்டினால் இடது கண்ணுக்குக் கிடைப்பது அதே கலங்கல் படம்தான். அத்தனை பாடும் வீண். கண்ணாடி மேல் மாட்டும் துணி உறையை இந்த வயதில் நான் அவ்வளவாக விரும்புவதில்லை. மூக்குப் பக்கம் இருக்கும் இடைவெளி வழியாக எட்டிப் பார்த்துவிடுவார்கள். தோல் புண்ணாகிற குழந்தைக்கு மட்டும், நன்றாகப் பொருந்தும் உறையை டாக்டரிடம் கேட்டு வாங்கலாம். நம் ஊர் வெயிலில் வியர்த்தால் பசை விட்டுப்போகும். அதனால் முகம் கழுவி ஈரம் துடைத்து, பவுடர், எண்ணெய், கிரீம் எதுவும் இல்லாமல் ஒட்டுங்கள். ஃபேன் ஓடும் அறை நல்லது. கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஓரத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, கண்ணின் வெளிப்பக்கத்திலிருந்து மூக்கை நோக்கி மெதுவாகச் சுருட்டுங்கள். பல குழந்தைகள் பயப்படுவது ஒட்டுவதற்கல்ல, கழற்றும்போது வரும் எரிச்சலுக்குத்தான். ராத்திரி தூங்கப் போகும்போது அந்த இடத்தில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவலாம். மறுநாள் சற்றுக் கோணம் மாற்றி ஒட்டினால் ஒரே இடம் புண்ணாகாது. பஞ்சு வைத்துக் கட்டுவது, சாதா பிளாஸ்திரியைக் கண் மேல் ஒட்டுவது வேண்டாம். தூங்கும்போது ஒட்டிய நேரம் கணக்கில் சேராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூங்கும்போது ஒட்டுகிறோம் என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோர் உண்டு. இடது கண் விழித்திருந்து பார்த்தால்தான் மூளை கற்றுக்கொள்ளும்.

நேரம் எப்போது? ஆரம்பத்தில் அவளுக்குப் பிடித்தது எப்போது நடக்கிறதோ அப்போது. பள்ளியிலிருந்து வந்து, பால் குடித்து முடித்ததும் ஒட்டி, கையில் வேலை கொடுங்கள். கோலப் புள்ளியைச் சேர்ப்பது, பல்லாங்குழி, பட்டாணி உரிப்பது, நீங்கள் பூக் கட்டும்போது இரண்டிரண்டு மல்லிகையாக எடுத்துக் கொடுப்பது எல்லாம் நேரம் போவது தெரியாமல் இழுத்துக்கொண்டு போகும். கிட்ட உற்றுப் பார்க்கும் வேலை செய்தால்தான் பலன் என்று முன்பு சொல்வோம். 2008-ல் அதைச் சோதித்துப் பார்த்தபோது, கிட்ட வேலை செய்த குழந்தைகளுக்கும் தூரமாகப் பார்த்த குழந்தைகளுக்கும் முன்னேற்றத்தில் வித்தியாசம் இல்லை. ஆகவே முற்றத்தில் பந்து விளையாடினாலும் சரி, தள்ளி உட்கார்ந்து டிவி பார்த்தாலும் சரி, அந்த நேரம் வீணாகாது. டிவிக்கு ஒரே ஒரு விதி வையுங்கள்: பேட்ச் இருக்கும் வரை ஓடும், கழற்றினால் நிற்கும். அதட்டல் வேண்டாம், பேரம் வேண்டாம், ரிமோட்டை அமுக்கினால் போதும். போனை மட்டும் கடைசிக் கைவசமாக வைத்துக்கொள்ளுங்கள். அதை எடுத்துக் கொடுத்துப் பழக்கிவிட்டால் பேட்ச் முடிந்த பிறகும் அது போகாது.

மாடிப்படி, தெரு, சைக்கிள் மூன்றுக்கும் முதல் சில வாரம் பேட்சோடு தனியாக விடாதீர்கள். பள்ளிக்கு ஒட்டி அனுப்புவது என் யோசனைப்படி இப்போது வேண்டாம். 6/36 கண்ணை வைத்துக்கொண்டு கரும்பலகையைப் படிக்க முடியாது. மற்ற பிள்ளைகளின் கேலியும் சேர்ந்தால் பேட்ச் என்றாலே வெறுப்பு வந்துவிடும். 6/18, 6/12 என்று ஏறிய பிறகு, டீச்சரிடம் பேசி முதல் பெஞ்சில் உட்கார வைத்துப் பார்க்கலாம்.

மாற்று வழிகள் கேட்டீர்கள். ஆபரேஷன் இதற்குக் கிடையாது. மாறுகண்ணை நேராக்க, புரையை எடுக்க, இமை இறக்கத்தைத் தூக்க ஆபரேஷன் உண்டு. அவற்றுக்குப் பிறகும் பேட்ச் தேவைப்படலாம். கண்ணை உருட்டும் பயிற்சி, பொன்னாங்கண்ணிக் கீரை, கேரட் எதுவும் இந்தக் கண்ணை எழுப்பாது. கீரையைச் சாப்பாட்டுக்காகத் தாராளமாகச் சமையுங்கள். ஆனால் நந்தியாவட்டைச் சாறு, தேன், விளக்கெண்ணெய், தாய்ப்பால் என்று கண்ணுக்குள் எதையும் விட்டுவிடாதீர்கள். கருவிழியில் கிருமி தொற்றினால் நன்றாக இருக்கும் கண்ணும் போய்விடும். சின்னத் திரைகளை வைத்து இரண்டு கண்ணுக்கும் வெவ்வேறு படம் காட்டும் புதிய சிகிச்சைகளும் வந்திருக்கின்றன. அவை வளர்ந்துகொண்டிருக்கின்றன, ஆனால் உங்கள் மகளுக்கு அதற்காகக் காத்திருக்கும் நேரம் இல்லை.

சொட்டு மருந்து நிஜமான மாற்று. அட்ரோபின் என்ற மருந்தை நல்ல கண்ணில் விட்டால் அது கிட்டத்தில் ஃபோகஸ் பிடிக்க முடியாமல் மங்கலாகும். அப்போது குழந்தை மற்ற கண்ணைப் பயன்படுத்தத் தொடங்கும். நடுத்தரக் குறைவுக்கு இது பேட்சுக்குச் சமமாக வேலை செய்வதை 2002-ல் வந்த ஆய்வும், சனி ஞாயிறு மட்டும் விட்டாலே தினமும் விடுவதற்கு ஈடாக இருப்பதை 2004-ல் வந்த ஆய்வும் காட்டின. பேட்ச் எந்த வகையிலும் நடக்கவில்லை என்றால் இதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். வெயிலில் கண் கூசும் என்பதால் தொப்பி வேண்டும். முகம் சிவந்து உடம்பு சுட்டாலோ, வாய் வறண்டு குழந்தை பிதற்றினாலோ, மருந்தை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்தப் பாட்டில் வீட்டில் இருந்தால் பூட்டி வையுங்கள். இரண்டு வயதுப் பையன் எடுத்துக் குடித்தால் உயிருக்கே ஆபத்து. கடையில் நீங்களாக வாங்கி விடும் மருந்து இது இல்லை.

கோடை விடுமுறை வரை தள்ளிப்போட வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏழு வயதுக்குள் பலன் அதிகம், வேகமும் அதிகம். அதற்கு அப்புறம் கதவு ஒரேயடியாகச் சாத்தப்படுவதில்லை. 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் கண்ணாடியோடு பேட்சும் அட்ரோபினும் சேர்ந்த சிகிச்சை எடுத்தவர்களில் 53 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கிடைத்தது, கண்ணாடி மட்டும் போட்டவர்களில் 25 சதவீதம் பேருக்குத்தான். இது 2005-ல் வந்த ஆய்வு. பெரிய பிள்ளைகள் இருக்கும் வீடுகள் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஐந்தரை வயதில் கையில் இருக்கும் நல்ல நேரத்தைத் தள்ளிப்போட இதைக் காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றும், கண்ணாடி போட்டு 18 வாரம் காத்திருந்து பேட்ச் தொடங்குவதைவிட 3 வாரத்திலேயே தொடங்கியவர்களுக்குப் பலன் கூடுதல் என்றுதான் சொல்கிறது. நீங்கள் மூன்று மாதம் முடித்துவிட்டீர்கள். விடுமுறை வந்தால் அப்போது நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு கண் நன்றாக இருக்கிறதே, அது போதாதா என்று சொந்தக்காரர்கள் யாராவது கேட்பார்கள். காவல்துறை, ராணுவம், ரயில் ஓட்டுநர் மாதிரி வேலைகளுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை பார்ப்பார்கள். அதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. தீபாவளிப் பட்டாசு, குச்சி, பந்து என்று ஏதோ ஒன்று அந்த ஒரு நல்ல கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்? அதனால் கண்ணாடிக்கு எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸ் கேட்டு வாங்குங்கள். நழுவாத பிரேமாகவும் இருக்கட்டும். மூக்கில் இறங்கிய கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்ப்பதும் கண்ணாடி போடாமல் இருப்பதும் ஒன்றுதான்.

கண்ணாடியைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். பவர் வித்தியாசத்தால் சோம்பேறிக் கண் வந்த 3 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்கு பேட்சே இல்லாமல் கண்ணாடி மட்டும் கொடுத்துப் பார்த்தபோது, நான்கில் மூன்று பேருக்கு இரண்டு வரியோ அதற்கு மேலோ பார்வை ஏறியது. உங்கள் மகள் 6/60-லிருந்து 6/36-க்கு வந்ததும் கண்ணாடியின் வேலைதான். குளிக்கும்போதும் தூங்கும்போதும் தவிர மற்ற நேரமெல்லாம் அது முகத்தில் இருக்க வேண்டும். பேட்ச் முடிந்த பிறகும்தான்.

பேட்ச் எத்தனை மாதம் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் அதே மாதிரிப் பலகையில் சோதிக்கச் சொல்லுங்கள். சோம்பேறிக் கண்ணுக்குத் தனி எழுத்தாகக் காட்டினால் நன்றாகத் தெரியும், வரிசையாக நெருக்கிக் காட்டினால் குழம்பும். பலகை மாறினால் ஏறாத பார்வை ஏறியதுபோலத் தோன்றும். 6/9, 6/6 வந்ததும் சந்தோஷத்தில் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய முதல் வருடத்திலேயே ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்குப் பார்வை மீண்டும் இறங்குகிறது. ஆறு முதல் எட்டு மணி நேரம் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று நிறுத்தியவர்களிடம் இது அதிகமாகவும், இரண்டு மணி நேரத்துக்குக் குறைத்துவிட்டுப் பிறகு நிறுத்தியவர்களிடம் குறைவாகவும் இருந்தது. குறைக்கும் அட்டவணையை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிறுத்திய பிறகும் ஒரு வருடமாவது சோதனைக்குப் போய்வாருங்கள். நடுவில் புதிதாக மாறுகண் தெரிந்தாலோ, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று அவள் சொன்னாலோ, தேதி வரை காத்திருக்காமல் காட்டிவிடுங்கள்.

அப்புறம் தம்பி. குடும்பத்தில் ஒருவருக்கு அதிகப் பவரோ சோம்பேறிக் கண்ணோ இருந்தால் கூடப் பிறந்தவர்களுக்கும் வர வாய்ப்பு கூடுதல். வரும் என்று நிச்சயமில்லை, ஆனால் பார்க்காமல் இருக்கக் கூடாது. அவனுக்கு எழுத்து தெரியாதே என்று யோசிக்காதீர்கள். சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து, அது திரும்பி வரும் விதத்தை வைத்தே பவரைக் கணக்கிட்டுவிடுவோம். குழந்தை ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. வீட்டில் அவனுடைய ஒவ்வொரு கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். ஒரு பக்கம் மூடும்போது மட்டும் கையைத் தட்டிவிட்டு அழுதால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். போட்டோவில் ஒரு பாவை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் மறுநாளே போங்கள், அதற்கு அவசரமான காரணங்கள் இருக்கலாம். இல்லையென்றால் மகளின் அடுத்த சோதனைக்குப் போகும்போது அவனையும் சேர்த்துக் கூட்டிப் போனால் போதும். காலையிலேயே போய்விடுங்கள். சொட்டு மருந்து வேலை செய்யக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அதுவரை இரண்டு பேருக்கும் சாப்பிட ஏதாவது கையில் இருக்கட்டும், திரும்பி வரும்போது வெயிலுக்கு ஆளுக்கொரு தொப்பியும்.